கொச்சங்காடியில் மாற்றிக் கேட்ட கேள்வி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். வீட்டு ரகசியமாயிற்றே! இப்போது என் மகளே, "எழுதுங்க அத்தா" என்று சொல்லிவிட்டாள்.

ஐம்பதுகளின் கடைசி. கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடும் வேலை எனக்கு. யானைக்கால் நோய்க் கணக்கெடுக்க சுகாதாரத் துறையிலிருந்து ஒரு மலையாளி ஊழியர் வந்தார். எங்கள் தெருவில் தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகள் அதிகம் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்தார்.

முதலில் என் வீட்டு வாசலில் நின்றே, தாளைப் பார்த்துக் கேட்டார்: "இந்த வீட்டில் யானைக்கால் நோய் உண்டா?"

இல்லை என்றேன். உள்ளே மகள் வீங்கிய காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள்.

மற்ற வீடுகளிலும் இல்லை, இல்லை என்றே பதில். ஒரு அம்மாள், "எங்க கால் எல்லாம் கால் மாதிரிதான் இருக்கு. உங்க காலைப் பாத்துக்குங்க!" என்று கதவைச் சாத்தினார்.

"இக்கா, இப்படிப் போனா இந்தத் தெருவுக்கு மருந்தே வராது" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் ஊழியர்.

அன்று பிற்பகல் அசர் தொழுகையில் மனம் நிற்கவில்லை. பொய் சொன்ன வாயால் ஓதுகிறேனே என்று உடம்பு கூசியது. நேரே அவரிடம் போனேன்.

"சேட்டா, கேள்வியை மாத்துங்க. உள்ளே போய் உக்காந்து, வாவுக்குக் குளிர்காய்ச்சல் வருமான்னு கேளுங்க. காய்ச்சலைச் சொல்ல யாரும் வெக்கப்பட மாட்டாங்க. காலைப் பத்தி அப்புறம் கேக்கலாம்." அமாவாசை, பௌர்ணமியைத்தான் இங்கே வாவு என்போம். இந்த நோய்க்காரருக்குக் காய்ச்சல் அப்போதுதான் வரும் என்பது எங்கள் வீடுகளில் சாதாரணப் பேச்சு.

"உங்க வீட்டுல ஆருக்கு வருது, இக்கா?"

"என் மகளுக்கு. முதல்ல அவ பேரை எழுதுங்க."

மறுநாள், கதவைச் சாத்திய அதே அம்மாள், "வாவு வந்தா பல்லு கிடுகிடுன்னு அடிக்கும், மூணு நாள் படுக்கைதான்!" என்று ஆரம்பித்து, கேட்காமலே காலையும் காட்டினார். மதியத்துக்குள் தாள் தீர்ந்து, ஊழியர் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். தெரு முழுவதற்கும் மாத்திரை வந்தது. அல்லாஹ்வின் கிருபையால் மகளுக்குக் காய்ச்சல் நின்றது, கால் வீக்கமும் வடிந்தது.

பெண் கேட்டவர்களிடமும் ஒளிக்காமல் சொன்னேன். மாப்பிள்ளையின் தாயார் சிரித்துவிட்டார். "நானும் அந்த மாத்திரைதான் முழுங்குறேன். ரெண்டு பேருமா சேந்து முழுங்குறோம், அனுப்புங்க!"

இதை யாரிடமாவது சொன்னால், நான் முதலில் சொன்ன பொய்யை விட்டுவிடாமல் உள்ளபடியே சொல்லுங்கள். அந்தப் பொய் ஏன் என் வாயில் வந்தது என்று யோசித்தபோதுதான், மற்றவர்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை இறைவன் எனக்குக் காட்டினான்.