மொறிஸ் மைனரா, ஒஸ்ரின் ஏ40-ஆ?

2025 மார்ச் 8, சனிக்கிழமை, காலை 6.40. இலேசான பனி, காற்று இல்லை. இரண்டு கார்களை ஓட்டி ஒப்பிட நல்ல வேளை.

காப்புறுதிக் கம்பனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் வாகன மதிப்பீட்டாளராக இருந்தேன். ரொறன்ரோவிலிருந்து திரும்பி அச்சுவேலியில் கலியாண மண்டபம் கட்டிய செல்வன், பழைய கார் ஒன்று தெரிந்து தரும்படி கேட்டான். ஒன்று உரும்பிராய்த் தரகன் துரையின் ஒஸ்ரின் ஏ40 சமர்செற்: 1200 சிசி, 42 குதிரைவலு. மற்றது சண்டிலிப்பாய் ரூபி மிஸ்ஸின் மொறிஸ் மைனர் 1000: 948 சிசி, 37 குதிரைவலு. மிஸ் மகளிடம் மெல்பேணுக்குப் போகிறார். செல்வன் எடுக்காவிட்டால் மொறிஸைத் துரை வாங்கி, உதிரிப்பாகங்களுக்காகக் கழற்றிவிடுவான்.

வலு குறைந்தாலும் மொறிஸ் ஒஸ்ரினைவிட ஏறக்குறைய கால் ரொன் பாரம் குறைந்தது. அதுதான் முந்தவேண்டும். இரண்டையும் நானே ஓட்டினேன். நின்ற நிலையிலிருந்து அறுபது கிலோமீற்றர் வேகத்துக்கு ஒஸ்ரின் 14 விநாடி, மொறிஸ் 17.

துரை சிரித்தான். "பாத்தியளே ஐயா? கிழவி காரும் கிழவி தான்."

"உன்ரை கிழவன் மட்டும் இளந்தாரியோ?" என்றார் ரூபி மிஸ்.

எனக்குத் துரை மேல் சந்தேகம். முதல்நாள் மொறிஸை அவன் தொட்டிருப்பானோ? பிளக், பெற்றோல், பிரேக் எல்லாம் பார்த்தேன். பிழையில்லை. கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம், அளந்தேன். நாலு சிலிண்டரும் ஏறத்தாழ 120 பிஎஸ்ஐ. நூற்றைம்பதுக்கு மேல் இருக்கவேண்டும். எஞ்சின் தேய்ந்தால் நாலும் ஒரே அளவாகத் தேயாது. பிளக் துவாரத்தால் ஒயில் விட்டு அளந்தும் ஏறவில்லை; அப்படியானால் தேய்மானமில்லை, யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். இப்போது மிஸ் மேலும் சந்தேகம் வந்தது.

"மிஸ், எஞ்சினை ஆரும் கழட்டினவையோ?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? என்ரை அவர் இருக்கேக்கை மண்ணெண்ணெயிலை ஓடினது. அந்த நேரம் ஓடாத கார் ஆற்றை?"

அதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பெற்றோல் இல்லாத யுத்த காலத்தில் துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். ஒஸ்ரினின் அமுக்க விகிதம் 7.2, மண்ணெண்ணெயை ஒருவாறு தாங்கும். மொறிஸுக்கு 8.3, எஞ்சின் டக்டக்கென்று தட்டும். தட்டாமலிருக்க சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை உயர்த்தி அமுக்கத்தைக் குறைப்பார்கள். சமாதானம் வந்தபின் அதை மாற்ற யாருக்கும் நினைவு வந்திராது.

"ஹெட்டைக் கழட்டவேணும்" என்றேன்.

"அங்கிள், என்ரை காசிலை வேண்டாம்" என்றான் செல்வன்.

"உங்கடை சந்தேகத்துக்கு நானும் தரேலாது" என்றார் மிஸ்.

என் செலவில் கழற்றினேன். ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக வைக்கும் கஸ்கட் ஒன்றல்ல, இரண்டு; நடுவே அலுமினியத் தகடு. அவற்றை எடுத்துவிட்டுப் புதிய கஸ்கட் ஒன்று போட்டேன். அடுத்த சனிக்கிழமை, அதே வீதியில் மொறிஸ் 12 விநாடி.

செல்வன் கைகொடுத்தான். "அருமை அங்கிள். ஆனா நான் ஒஸ்ரினை எடுக்கிறன்."

"ஏனடா?"

"மொறிஸுக்கு ரெண்டு கதவு. கூறைச்சீலையோடை கலியாணப் பொம்பிளை முன்சீற்றை மடிச்சுப் பின்னுக்கு ஏறுவாவோ?"

நான் அமுக்கம் அளந்தேன், வேகம் அளந்தேன். காரில் ஏறப்போவது யார் என்று கேட்கவில்லை. மதிப்பீட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளே, மூடியைத் திறக்குமுன் அதைக் கேளுங்கள்.

துரை மிஸ்ஸின் பக்கம் திரும்பினான். "அப்ப நான் நாளைக்கு லொறியோடை வாறன் மிஸ்."

மிஸ் அவனைப் பார்க்கவில்லை. "இப்பதானே தம்பி இது ஓடத் தொடங்கினது" என்றார் என்னிடம்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. கஸ்கட், கூலி, காரின் விலை, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து எனக்குச் செலவு எட்டு இலட்சத்து எழுபத்தோராயிரத்து நானூறு ரூபாய்.