ராசா தலைக் காசு சிறுத்த விதம்

மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் வயதான ஒரு கியூபெக் அம்மா. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வசந்தகாலத்தில், அவர் படிக்கட்டில் என் மனைவியை மறித்து ஒரு வெள்ளிக்காசைக் காட்டினார். கூடவே பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். மனைவி "மெர்சி" சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு மேலே ஓடிவந்தாள்.

அது அவளுடைய காசு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடும்போது அவளுடைய தாய் கைக்குட்டை முனையில் முடிந்து கொடுத்த பழைய இந்திய வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் முடிசூடிய ராசாவின் தலை. நாங்கள் இங்கே வந்த புதிதில் அது காணாமல் போயிருந்தது.

திரும்பி வந்த காசு சிறுத்திருந்தது. விளிம்பு தடித்து, தட்டத்தின் ஓரம்போல உள்நோக்கி மடிந்து நின்றது. ராசாவைச் சுற்றியிருந்த எழுத்துகளில் பாதியை அந்த விளிம்பு விழுங்கிவிட்டது. ராசா கிணற்றுக்குள் விழுந்தவர் மாதிரி இருந்தார்.

"ஆரோ இதை நாசமாக்கிப்போட்டு எறிஞ்சிருக்கினம்" என்று மனைவி அழுதாள்.

எங்களோடு இருந்த அவளுடைய அண்ணர் ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த வெங்காயம் எதுவும் அவருடைய விஞ்ஞானத்தைக் குறைத்துவிடவில்லை. காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது அமிலம். வெள்ளியைக் கரைச்சு எடுத்திருக்கிறாங்கள்" என்றார். பிறகு, "அந்த மனுசி என்ன சொன்னவ?" என்று கேட்டார்.

"ஜேசு எண்டதுதான் விளங்கினது. ரெண்டு மூண்டு தரம் சொன்னவ."

அண்ணர் சிலுவை போட்டுக்கொண்டார். "நல்ல மனுசி. ஜேசு கண்டுபிடிச்சுத் தந்தவர் எண்டு சொல்லியிருப்பா."

நாங்கள் ஞாயிறு பூசை தவறாத குடும்பம். அந்த விளக்கத்தில் எங்கள் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

மறுநாள் அண்ணர் காசை வேலைக்குக் கொண்டுபோய், கேக் செய்பவர்களின் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தார். வெள்ளி ரூபாய் ஒரு தோலா நிறை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதுவும் கிட்டத்தட்ட அதே நிறைதான் இருந்தது.

"அப்ப ஒண்டும் கரையேல்லை. அரத்தாலை ராவவும் இல்லை" என்று, அமிலத்தை ஒரு சொல் வருத்தமில்லாமல் கைவிட்டார். "விளிம்பைச் சுத்திச் சுத்தித் தட்டியிருக்கினம். மெல்ல மெல்ல, ஆயிரக்கணக்கான அடி. மோதிரம் செய்யப் பாத்திருக்கினம், சரிவரேல்லை. செய்த ஆள் நல்ல பொறுமைசாலி."

பொறுமைசாலி என்றதும் எங்கள் குடும்பம் முழுவதும் சந்தேகத்திலிருந்து விடுபட்டது.

மிச்சம் இருந்தது கீழ்வீடு. அங்கே மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். அவருடைய கணவர் ஊரில் நகைக்கடையில் வேலை செய்தவர். காசு காணாமல் போன நாட்களில் சலவை அறையில் என் மனைவியோடு நின்று துணி மடித்தவரும் அந்த அக்காதான். அண்ணருக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. மனைவி அன்றோடு அந்த அக்காவுடன் கதைப்பதை நிறுத்தினாள். படியில் கண்டால் சுவரைப் பார்த்தாள். கோவிலில் பூசை நேரம் வேறு வாங்குப் பலகையில் போய் இருந்தாள். கோடை முழுவதும் அந்தக் கோபத்தை வாடவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் அவளுக்குப் பிரெஞ்சு வகுப்பு தொடங்கியது. ஒருநாள் வீட்டுச் சாமான்களைப் படத்தில் காட்டிப் படிப்பித்தார்கள். அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம். அதற்குப் பக்கத்தில் துணி உலர்த்தும் இயந்திரம். ஆசிரியை அதைத் தொட்டு "செஷூஸ்" என்றார். வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது. என் மனைவி அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இஞ்சை பாருங்கோ, காசு தந்த மனுசி ஜேசு எண்டு சொல்லேல்லை. ட்ரையர் எண்டெல்லே சொல்லியிருக்கிறா!"

மூவரும் இறங்கிப் போனோம். கட்டடத்து அம்மா இம்முறை கைகளாலும் பேசினார். எங்களைச் சலவை அறைக்குக் கூட்டிப்போய், உலர்த்தும் இயந்திரத்தின் உருளைக்குள், துணியைப் புரட்டும் தகட்டுக்குப் பின்னாலிருந்த இடுக்கைக் காட்டினார். பழுதுபார்க்க வந்தவர் அதைக் கழற்றியபோது காசு அங்கிருந்துதான் விழுந்ததாம். கூடவே விழுந்த ஒரு கால் டொலர்க் காசையும் எடுத்துக் காட்டினார். அதே தடித்த விளிம்பு, அதே கிணறு. உள்ளே ராணி.

மனைவி கைக்குட்டையோடு காசையும் சேர்த்துத் தோய்த்திருக்கிறாள். உருளை சுழன்றபோதெல்லாம் காசு அந்த இடுக்குக்குள்ளேயே மேலே போய் ஓரம் அடிபட விழுந்திருக்கிறது. கட்டடத்தில் யார் துணி காயவைத்தாலும் ராசாவுக்கு அடி. எங்கள் துணிக்கும் சேர்த்துத்தான்.

"நான் அப்பவே சொன்னனான், மெல்ல மெல்லத் தட்டினது எண்டு" என்றார் அண்ணர். "ஆள்தான் பிழைச்சுப் போச்சு."

அந்தச் சனிக்கிழமை மனைவி ரோல்ஸ் பொரித்து, என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"அக்கா, நான் இவ்வளவு நாளும் உங்களோடை கதைக்காமல் இருந்ததுக்குக் குறை நினையாதேங்கோ."

அந்த அக்கா விழித்தார். "கதைக்காமல் இருந்தனீங்களோ? எப்ப?"

"கோடை முழுக்க…"

"ஐயோ பிள்ளை, நான் கவனிக்கேல்லையே. எனக்கு ரெண்டு வேலையெல்லே. கோவிலிலை கூட நித்திரைதான். வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ."

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் படியேறும்போது மனைவியின் முகம் சிவந்திருந்தது. "எவ்வளவு பாடுபட்டுக் கோவிச்சுக்கொண்டு இருந்தனான். அவ கவனிக்கேல்லையாம்!"

திரும்பவும் கோபித்துக்கொள்ளலாமா என்று அவள் யோசித்திருக்கக்கூடும். அதற்குள் அந்த அக்கா, ரோல்ஸ் கொடுத்த பாத்திரம் நிறைய மீன் கட்லட் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.