புது வண்டிக்குக் கட்டிய மாலை

நான். என் மனைவி சரோஜா. மகள் கௌசல்யா. பிள்ளையார் கோயில் குருக்கள். நடுவில் புது பைக். போன ஞாயிறு காலை, காட்டூர்.

அவசரப் பூஜை. ஸ்ரீரங்கத்தில் கௌசல்யாவுக்கு அரசாங்க வேலைக்கான பரீட்சை. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. அப்புறம் எழுத முடியாது.

பைக் அவள் சம்பாத்தியம். பார்த்தால் என் கல்யாண காலத்து வண்டி மாதிரியே இருக்கிறது. உருண்டை ஹெட்லைட், குரோம் சைலன்சர், ஒற்றை மீட்டர். சின்ன இன்ஜின்தான். ஆனால் போன் சார்ஜ் போட இடம், வழுக்காமல் நிற்க ஏபிஎஸ்...

ஹேண்டில்பாரில் மாலையை நான்தான் கட்டினேன். நைலான் கயிறு.

"ஒரு முடிச்சு போதுங்க. மாலைக்குப் போய் இந்த இறுக்கு இறுக்குறீங்க?" என்றாள் சரோஜா.

நான் முப்பது வருஷம் ஃபிட்டர். நட்டு மேல் நட்டு போட்டே பழகிய கை. கேட்குமா?

"சரி, வீடு திரும்புற வரைக்கும் அவுத்துடாதீங்க," என்றாள் சரோஜாவே.

கௌசல்யா ஓட்டினாள். நான் பின்னால். காவிரிப் பாலத்தில் நெரிசல். முன்னால் பஸ் சட்டென்று நின்றது. ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினாள். இன்ஜின் செத்தது.

எட்டு நாற்பத்து மூன்று.

செல்ஃப் அமுக்கினாள். ஒன்றுமில்லை. நான் இறங்கினேன்.

"கிக்கர் எங்கம்மா?"

"இதுல கிடையாதுப்பா."

"சோக்கு?"

"அதுவும் கிடையாது."

பழைய முகத்தைப் பார்த்து, உள்ளேயும் பழசு என்று நம்பிவிட்டேன். முப்பது வருஷ அனுபவம்... கை வைக்க இடமில்லை.

பின்னால் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "பெருசு, பூஜை போட்டது வண்டிக்கா, ரோட்டுக்கா? ஓரமாத் தள்ளுங்க!"

தள்ளினோம். எட்டு நாற்பத்தெட்டு. கௌசல்யா ஹேண்டில் பக்கம் குனிந்தாள். மாலையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச். அதன்மேல் என் கயிறு. ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினால் கயிறு இழுபடும், சுவிட்ச் ஆஃப் ஆகும்.

"அப்பா... நீங்க கட்டுனதுதான்."

ஆன் செய்தாள். வண்டி பிடித்தது. ஆனால் அடுத்த வளைவில் மறுபடி நிற்குமே? முடிச்சு அவிழவில்லை. நகம் பிய்ந்தது. கத்தி இல்லை. குனிந்து பல்லால் கடித்தேன். போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எட்டு ஐம்பத்து மூன்றுக்குக் கயிறு அறுந்தது.

பரீட்சை நடக்கும் பள்ளியின் கேட்டில் வாட்ச்மேன் கை வைத்துவிட்டார். கௌசல்யா ஹெல்மெட்டை என் மேல் எறிந்துவிட்டு ஓடினாள். உள்ளே போனாள். கேட் மூடியது.

சரோஜா போன் செய்தாள். "போய்ச் சேந்தாளா?"

"உள்ள போயிட்டா."

"மாலை?"

"இருக்கு," என்றேன். மடியில் இருந்தது.

கயிற்றில் முடிச்சுகளை எண்ணினேன்.

ஏழு.