நாற்காலிக் காலடியில் பால் டின்கள்

என் அறையில் ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறது. அதன் நான்கு கால்களும் நான்கு பால் டின்களுக்குள் நிற்கின்றன. டின்களில் பாதிக்குத் தண்ணீர், மேலே மெல்லிய படலமாக மண்ணெண்ணெய். மலாக்காப் பட்டணத்தில் ஒரு சீனர் கடையின் மாடியில் இருக்கிறது இந்த அறை. கீழே சாலை, மேலே ஓடு, நடுவில் பலகைத் தரை. எறும்பு ஏறிவர இங்கே புல்லும் இல்லை, மண்ணும் இல்லை. என்றாலும் வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீரை மாற்றிவிடுகிறேன். பக்கத்து அறைத் தையல்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, நாற்காலிக்குக் கால் கழுவி விடுறியா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் ஒரு மனிதரைப் பற்றி முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர். யாழ்ப்பாணத்துக்காரர். மஸ்ஜித் தானா என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே, ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே இருந்த அந்தத் தோட்டத்தில் காய்ச்சல், கட்டி, பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். நான் அதே தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்தவன். என் அப்பா பால் வெட்டினார். அவருடைய காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. சின்ன வயதில் அவருடன் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதெல்லாம் டிரஸ்ஸரின் வெள்ளைக் கால்சட்டையைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்கத் துணிந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்து கற்ற முதல் ஆள் நான். படித்து முடித்து அதே தோட்டத்து ஆப்பீசுக்குச் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக வந்தபோது, எனக்குக் கொடுத்த வீடு டிரஸ்ஸர் வீட்டுக்குப் பக்கத்து வீடு.

இரண்டு வீட்டுக்கும் முன்னால் ஆளுக்கொரு புல்தரை. நடுவில் இடுப்பளவு செம்பருத்தி வேலி. உத்தியோகஸ்தர் வீட்டுப் புல் குட்டையாக, பச்சையாக இருக்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. அந்த வீட்டுக்கு நான் போனபின் லயத்துக்குப் போனால் என்னைப் பார்த்து அப்பா எழுந்து நிற்பார். அம்மா எனக்கு மட்டும் எனாமல் தட்டில் சோறு போட்டுவிட்டுத் தள்ளி உட்காருவாள். கிராணிமாரோ என்னைத் தங்கள் சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்காமல் பொழுது சாய்ந்துவிடும்.

நான் போன முதல் மாதத்தில் அது நடந்தது. டிரஸ்ஸருக்கு ஐந்து வயதில் ஒரு மகள். ஒரு சாயங்காலம் புல்லில் ஓடிக்கொண்டிருந்தவள் திடீரென்று அலறினாள். நெருப்பெறும்புப் புற்றில் கால் வைத்துவிட்டாள். பாம்பு குடியேறும் பெரிய புற்றை நினைக்க வேண்டாம். இது சலித்த மண்ணைக் கைப்பிடி அளவுக்குக் கொட்டிவைத்தது போல இருக்கும், புல்லுக்குள் கண்ணுக்கே தெரியாது. சிவப்பாக, பொடியாக இருக்கும் அந்த எறும்பை மலாய்க்காரர்கள் 'செமுட் ஆப்பி' என்பார்கள், அதுவும் தீ எறும்பு என்றுதான் பொருள்படும். சாதாரணமாகக் கடித்தால் கொப்புளம் வரும், இரண்டு நாள் சொறிவோம், போய்விடும். அந்தக் குழந்தைக்கு அப்படி இல்லை. உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, மூச்சு விசில்போலச் சத்தமிட்டது. டிரஸ்ஸர் வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசியோடு திரும்பி வந்ததை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். குழந்தை பிழைத்தது. அடுத்த வாரம் அவர் மனைவியின் அண்ணன் மலாக்காவிலிருந்து கார் கொண்டுவந்தார். பெட்டிகள் ஏறின. காரில் ஏறுமுன் அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

"இந்த வீட்டு முத்தத்தில எறும்பு இல்லையெண்டு நீங்கள் எழுதுற அண்டைக்கு வாறம்."

அவர் தலையாட்டினார்.

அன்றிலிருந்து அவர் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இரண்டு பிரம்பு நாற்காலிகளைப் புல்லின் நடுவே, சாலையைப் பார்த்தபடி போடுவார். எட்டுக் கால்களுக்கு எட்டுப் பால் டின்கள். ஒன்றில் அவர் இரண்டு கால்களையும் மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு உட்காருவார், நட்டாற்றில் தோணியில் இருக்கிறவரைப்போல. மற்றது காலியாக இருக்கும். இருட்டத் தொடங்கியதும் இரண்டையும் எடுத்து உள்ளே வைப்பார்.

என் பக்கத்திலும் எறும்பு இருந்தது. லயத்துப் பையனுக்குப் புல்லை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று துரை நினைப்பாரோ என்று எனக்குப் பயம். மத்தியானம் சாப்பிட வரும்போது கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, புற்றைத் தேடித்தேடி ஊற்றுவேன். மூன்று நாளில் என் பக்கம் சுத்தமாகிவிடும். நிம்மதியாக இருப்பேன். பத்து நாளில் பழையபடி நான்கு புற்று. மறுபடி கேத்தல். புல் வெந்து வட்டவட்டமாகப் பழுத்ததுதான் மிச்சம். இப்படியே ஐந்தாறு மாதம் போயிருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் சுமந்து ஊற்றிய அக்கா ஒருத்தி இருந்தாள். லயத்து மனுஷி, என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருத்தி. அதனால் என்னை 'கிராணியாரே' என்று கூப்பிடும்போது அதில் பாதி மரியாதையும் பாதி கேலியும் இருக்கும். ஒருநாள் நான் கேத்தலோடு குனிந்திருந்தபோது குடத்தை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கிராணியாரே, நெசமாவே தெரியாமத்தான் செய்யிறீங்களா?"

"என்னக்கா?"

"நீங்க மத்தியானம் சுடுதண்ணி ஊத்துறீங்க. அது முட்டையத் தூக்கிக்கிட்டு வேலிக்கு அந்தாண்ட போவுது. அவரு சாயங்காலம் மண்ணெண்ண ஊத்துறாரு. இந்தாண்ட வருது. ரெண்டு வீடும் அதுக்குச் சொந்தம்லா. நீங்க ரெண்டு பேரும்தான் குடியிருக்க வந்தவங்க."

"அவரும் ஊத்துறாரா?"

"ஆறு மாசமாப் பக்கத்துல இருக்கீங்க, ஒரு வார்த்த கேட்டா வாயி வெந்துபோவுமா?"

உண்மையில் கேட்க முடியாமல்தான் இருந்தேன். கூப்பிடாமல் டிரஸ்ஸர் வீட்டுப் படலைத் திறக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. கிராணி உத்தியோகம் வந்துவிட்டதென்று அந்தக் கை உடனே நீளுமா? அவருக்கும், தன்னிடம் புண்ணுக்கு மருந்து கட்ட வந்தவன் மகனை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டு என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது. நாங்கள் இருவரும் இத்தனை மாதம் மரியாதையாக இருந்தோம். எறும்பு அங்கும் இங்கும் போய் வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் படலைத் தொடாமல் வேலி ஓரமாக நின்று, "ஐயா" என்றேன். தண்ணீர்க்கார அக்கா சொன்னதைச் சொன்னேன். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப நான் ஆறு மாசமா உம்மடை வீட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்திருக்கிறன்."

"நானும் அனுப்பிக்கிட்டுத்தான் இருந்திருக்கேங்க ஐயா."

சுடுதண்ணீரும் மண்ணெண்ணெயும் வேண்டாம் என்று முடிவானது. வாய்ப்புண்ணுக்குத் தடவ ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் வெண்காரத்தை, வறுத்த தேங்காய்த் துருவலிலும் சர்க்கரையிலும் பிசைந்து சிரட்டைகளில் வைத்தோம். ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும். முதல்முறை நான் ஆசையில் வெண்காரத்தை அள்ளிப் போட்டுவிட்டேன். மறுநாள் சிரட்டையைச் சுற்றி எறும்புகள் குவியலாகச் செத்துக் கிடந்தன. நான் பெருமையோடு காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது வேலைக்காரரைத்தான் சாகடிச்சிருக்குது. ராணி உள்ளுக்கை சுகமா இருக்கிறா" என்றார். அடுத்தமுறை மருந்தைக் குறைத்தோம். இப்போது அவை சாகவில்லை. வரிசையாக வந்து, ஆளுக்கொரு துணுக்காகச் சுமந்துகொண்டு புற்றுக்குள் போயின. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்படிச் சும்மா இருந்த சாயங்காலங்களில்தான் அந்த இரண்டாவது நாற்காலி எனக்கு வந்தது. முதல் நாள் நாற்காலியைக் காட்டி, "இரும்" என்றார், நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பேச்சு நடுவே ஒரு காலை மறுகாலால் தேய்த்தேன்.

"கடிக்குதோ?"

"இல்லீங்க ஐயா."

"பொய் சொல்லாதையும் தம்பி. காலைத் தூக்கும். இருந்தால்தான் ரெண்டையும் தூக்கலாம்."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கால்களை மேலே மடக்கிக்கொண்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் மகளைப் பற்றிப் பேசுவார். அவளுக்கு 'ர' வராது, அப்பாவை டிரஸ்ஸர் என்று சொல்லத் தெரியாமல் 'டெஸ்ஸல்' என்பாள். அவரிடம் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அப்பா எழுந்து நிற்பதை ஒருநாள் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சில வாரங்களில் எறும்பு ஒழிந்தது. அவர் நம்பவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, புல்தரை முழுவதும், மூலைமூலையாக, வெறுங்காலால் மிதித்து நடப்பார். தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் நடந்த பிறகுதான் கடிதம் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. பெட்டிகள் இல்லை. மகள் சப்பாத்தும் காலுறையும் போட்டிருந்தாள். உயரமாகிவிட்டாள். "கழட்டிப் போட்டு ஓடுங்கோ அம்மா, எறும்பு இல்லை" என்று அவர் இரண்டுமுறை சொன்னார். அவள் தாயைப் பார்த்தாள், கழற்றவில்லை. அந்த அம்மா புல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் வைச்சிருக்கிறியள்" என்றார். "பிள்ளையைக் கான்வென்டில சேத்தாச்சு. இங்க என்ன பள்ளிக்கூடம் இருக்கு? பாப்பம்."

பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஏன் இந்த டின்?"

"எறும்புக்கு."

"எறும்பு எங்க?"

"இல்லை."

"அப்ப ஏன் டின்?"

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் மூன்று மணிக்குப் போய்விட்டது.

அதன் பிறகுதான் அவருக்குத் துன்பம் தொடங்கியது என்று நினைக்கிறேன். அதுவரை யார் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது: எறும்பு போகட்டும், வருவார்கள். இப்போது எறும்பு இல்லை. எங்கள் பெரிய கிராணி நாகப்பட்டினத்துக்காரர், கெட்டவர் அல்ல, ஆனால் நாக்கு சும்மா இருக்காது. காலையில் டிரஸ்ஸர் நோயாளிப் பட்டியலோடு ஆப்பீசுக்கு வரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"என்னா டிரஸ்ஸரே, அம்மா வந்தாச்சா?"

"வருவினம்."

"எறும்புதான் ஒழிஞ்சிருச்சே. இப்ப என்னா, கொசுவா?"

மேசைகளில் சிரிப்பு எழும். டிரஸ்ஸரும் சிரிப்பார். வாரம் தவறாமல் இது நடந்தது. சாயங்காலங்களில் அவர் நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார். நானும் படலைத் திறக்கவில்லை, போக ஒரு காரியம் இல்லாமல் போய்விட்டது.

மழைக்குப் பின் ஒருநாள் மத்தியானம், என் பக்கத்தில், வேலிக்கு அடியில் அதைப் பார்த்தேன். சலித்த மண் ஒரு பிடி, புதிதாக எழும்பிய ஒற்றைப் புற்று, அப்போதே ஊற்றினால் அதோடு முடிந்துவிடும். கேத்தலை அடுப்பில் வைத்தேன். கொதித்தது. எடுத்துக்கொண்டு வந்து புற்றுக்கு நேரே நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பிறகு தண்ணீரைக் கால்வாயில் ஊற்றிவிட்டு ஆப்பீசுக்குப் போனேன்.

ஒரு மாதத்தில் அது வேலியைத் தாண்டியது. ஒரு சாயங்காலம் அவர் வேலி ஓரமாக வந்தார்.

"தம்பி, திரும்ப வந்திட்டுது போல."

"ஆமாங்க ஐயா."

வெண்காரம் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. உள்ளே போய் நாற்காலிகளை எடுத்துவந்து போட்டார், டின்களில் தண்ணீர் ஊற்றினார்.

அடுத்தமுறை பெரிய கிராணி ஆரம்பித்தபோது, பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் நான் சொன்னேன்: "எறும்பு திரும்ப வந்திருச்சுங்க ஐயா. இந்தத் தடவை ரொம்ப. பிள்ளைய எப்படி கூட்டிட்டு வர்றது." சிரிப்பு எழவில்லை. பெரிய கிராணி, "அட, அப்படியா" என்றார். டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றிதானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அடுத்துப் பள்ளி விடுமுறை வந்தது. பிள்ளையை ஒரு வாரத்துக்கு அனுப்பலாமா என்று மலாக்காவிலிருந்து கடிதம் வந்ததாம். அவர் எறும்பு இருக்கிறதென்று உண்மையை எழுதிவிட்டார். இதை நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்தபடி, சாலையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அன்று அந்தக் கேத்தலை நான் சாய்த்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு வாரம் அந்தப் புல்லில் ஓடியிருக்கும். நான் அதைச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

மறு வருஷம் எனக்கு மலாக்காவில் ஒரு கப்பல் சரக்கு ஆப்பீசில் வேலை கிடைத்தது. லாரியில் ஏறும்போது இரண்டு நாற்காலிகளில் ஒன்றை அவரே தூக்கிவந்து வைத்தார். நான்கு டின்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கயிறு கட்டிக் கொடுத்தார்.

"எனக்கு ஒண்டு போதும்" என்றார்.

இந்தப் பட்டணத்தில் அவர் மகளை ஒருமுறை பார்த்தேன். வெள்ளைச் சப்பாத்து, கையில் புத்தகப் பை, தோழிகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டு போனாள். அவளுக்கு 'ர' வந்துவிட்டது. யாரென்று சொல்லி நிறுத்தியிருக்கலாம், ஆனால் என்னவென்று சொல்வது? அவள் திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு வந்தேன். அங்கே அவர் ஒற்றை நாற்காலியைப் போட்டிருக்கும் நேரம் அது.

அறைக்கு வந்ததும் டின்களில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து ஊற்றினேன். விளக்கு ஏற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், இந்தப் பலகைத் தரைக்கு மேலே, இரண்டு கால்களையும் தூக்கி மடக்கி வைத்திருந்தேன்.