கடலைத் தோலில் எடுத்த எண்ணெய்

வேர்க்கடலைத் தோலைக் காற்றுப் புகாத இரும்பு உருளைக்குள் போட்டுச் சூடாக்கி, வருகிற புகையைக் குளிரவைத்து எண்ணெய் பிடிப்பதும், பிடித்த எண்ணெயைச் சோதித்து அதன் குணத்தைச் சொல்வதும்தான் என் தொழில். கல்யாண வீட்டில் "எங்கேம்மா வேலை?" என்று யாராவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் விழித்தவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கம். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. முடித்த கையோடு படப்பையில் ஒரு தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ராகவன் சார், வெல்டர் இஸ்மாயில் பாய், நான் என்று மொத்தமே மூன்று பேர். சிட்லபாக்கத்து வீட்டிலிருந்து தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவேன்.

பருப்பு வேண்டாம், தோல் போதும்

முதல் வேலையாகத் தோல் தேடி, கடலை உடைத்து எண்ணெய் ஆட்டும் மில்லுக்குப் போனேன். மில்லுக்குப் பின்னால் தோல் மலையாகக் குவிந்திருந்தது. அவ்வப்போது தீ வைத்துக் கொளுத்துவார்களாம். "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்றதும் மில்காரர் முகம் மலர்ந்தது. "மாட்டுக்கா?" என்றார். "இல்லண்ணா, எண்ணெய் எடுக்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்து மனைவியைக் கூப்பிட்டு, என்னைக் காட்டிச் சொன்னார்: "நல்லா பார்த்துக்கோ! பருப்புல எண்ணெய் எடுக்கறதுக்கே நமக்கு நாக்கு தள்ளுது. இந்தப் பொண்ணு தோல்ல எடுக்கப்போவுதாம்!"

லேடீஸ் கம்பார்ட்மென்டில்

எண்ணெய் வந்தது. கூடவே வாசனையும் வந்தது. விறகடுப்புப் புகையில் வினிகரைக் கொட்டி, மேலே கொஞ்சம் தார் ஊற்றியது போல ஒரு நெடி. சீயக்காய், சோப்பு எதற்கும் மசியாது. ஒருநாள் காலையில் குளித்து, துவைத்த புடவை கட்டி, கிண்டியில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு எண்ணெய் சாம்பிளை பாட்டிலில் இறுக மூடி எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். ஃபேனைப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார், கடைசியில் என் பின்னல் பக்கம் வந்து நின்றார். நான் கடலைத் தோல், உருளை, புகை என்று எல்லாவற்றையும் பல்லாவரம் வரும்வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீ இன்னா வேணா சொல்லும்மா, அடுப்பை அணைச்சிட்டுத்தான் வந்தியான்னு ஒரு தபா வூட்டுக்குப் போயி பார்த்துட்டு வந்துடு!"

குழாயைத் தின்ற எண்ணெய்

சில வாரங்களில் இரும்புக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ராகவன் சார் வெல்டிங்கைக் குறை சொன்னார். இஸ்மாயில் பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் ஒட்டிய இடம் ஒழுகியதாகச் சரித்திரமே கிடையாது.

நான் எண்ணெயில் லிட்மஸ் காகிதத்தை நனைத்தேன். குப்பென்று சிவந்தது. அத்தனை புளிப்பு, அதாவது ஆசிட். ஒரு பாட்டிலில் இரும்புத் துண்டு, இன்னொன்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டு, இரண்டிலும் எங்கள் எண்ணெய் என்று ஊறப்போட்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் இரும்பு கறுத்து இளைத்திருந்தது. ஸ்டீல் புதுக் கரண்டி போல மின்னியது. இனிமேல் எல்லாக் குழாயும் ஸ்டீலில்தான் என்று முடிவாயிற்று. பாய் இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ என் வெல்டிங்ல தப்பு இல்ல. அதை மொதல்ல சார்கிட்ட போய் சத்தமா சொல்லுங்க மேடம்!"

ஒரு டம்ளர் கெரசின்

கடன் தரும் அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். அவர் கண்முன்னே எங்கள் எண்ணெய் பர்னரில் எரிந்தால் கடன் கிடைக்கும், உருளையைச் சூடாக்க இரண்டாவது உலை வைக்கலாம். எரியாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. பார்த்து முந்தின நாள் பிடித்தது மழை. தோல் நனைந்து, பிடித்த எண்ணெயில் பாதிக்குப் பாதி தண்ணீர்.

மறுநாள் காலை ராகவன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கொஞ்சம் கெரசின் சேர்த்துடலாமா? யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. வீட்டையே அடகு வைத்திருந்தவர், பயந்துபோயிருந்தார். "ரெண்டும் கலக்காது சார், கெரசின் மேலே மிதக்கும்" என்றேன். "மிதக்காம பண்ண ஏதாவது இருக்குமே?" என்றார். "இருக்கும் சார். ஆனா அதிகாரிக்குக் குடுக்கற ரிப்போர்ட்ல என் கையெழுத்து இருக்காது." சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அது முதல் வேலை. வீட்டில் அப்பா ரிடையராகி இருந்தார். சார் தாமே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நனைந்த தோல் மூட்டை ஒன்றைப் பிரித்தார்.

மூன்று பேருமாகத் தோலை உலைக்குப் பக்கத்தில் சூடான தகடுகளில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்துப் புதிதாக எண்ணெய் பிடித்தோம். மத்தியானம் அதிகாரி வந்தார். பர்னரைப் பற்றவைத்தோம். புகைந்தது, இருமியது, அணைந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாய் முனையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். நான் எண்ணெயை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, இளகவைத்துக் கொடுத்தேன். மறுபடி பற்றவைத்ததும் ஜுவாலை 'ஹோ'வென்று சீறிக்கொண்டு நின்றது. அணையவே இல்லை. "இதுல வேற என்ன கலந்திருக்கீங்க?" என்றார் அதிகாரி. ராகவன் சார் என் பக்கம் கையைக் காட்டினார்: "வெறும் கடலைத் தோல் சார். சந்தேகம்னா இந்தப் பொண்ணைக் கேளுங்க. நானே கேட்டும் கலக்க மாட்டேன்னுடுச்சு!"

கிண்டியின் தீர்ப்பு

எங்கள் எண்ணெய் எரிந்தால் எவ்வளவு சூடு தரும் என்று நான் அளந்த கணக்கைச் சரிபார்க்கத்தான் கிண்டிக்கு சாம்பிள் கொடுத்திருந்தேன். முடிவு வாங்கப் போனபோது அங்கிருந்த பெரியவர் உட்காரச் சொன்னார். என் அளவும் அவர்கள் அளவும் ஒட்டி வந்ததை நம்பாமல், திரும்பவும் சோதித்தார்களாம். அப்போதும் அதேதான். "உங்க லேப்ல ஏசி இருக்காம்மா?" என்றார். "ஃபேனே இல்லை சார், தகரக் கொட்டகை" என்றேன். அவர் தம் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ எங்களுக்கு மட்டும் எதுக்கு ஏசி?"

கொளுத்திப்போட வேண்டிய குப்பையில் உலை எரிக்கிற எண்ணெய் எடுத்தவள் என்று நான் இன்றைக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், புடவைக்குக் காலர் இல்லாததுதான் ஒரே குறை.