செத்தால் செத்ததுதான்

காலையில் கிண்ணியா பஸ்ஸில் எங்கள் அலுவலகத்துச் சுதாகரன் அண்ணாவுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. என்ன பாவம் செய்தேனோ.

வழமைபோல் போனில் அவருடைய நிலவறை விளையாட்டு, நிலத்தடியில் அறை அறையாகப் போவது. போன் புத்தம்புதியது. திரையோ பழங்காலக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரே கறுப்பு. அதில் ஒரு @ குறி. அதுதான் வீரனாம். அதைத் துரத்தும் எழுத்துகள் பூதங்களாம்.

"இதில அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"செத்தால் செத்ததுதான், தங்கச்சி. திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணும். உங்கட பழம் பொருத்திற விளையாட்டு மாதிரி இல்லை. இதுக்கு நெஞ்சுரம் வேணும்."

சீனக்குடா தாண்டியதும் ஒரு பூதம் அந்த நெஞ்சுரத்தை மூலையில் மடக்கியது. இன்னும் ஒரு அடி விழுந்தால் வீரன் காலி. அண்ணாவின் பெருவிரல் பாய்ந்து விளையாட்டையே மூடியது. திரும்பத் திறந்தார். வீரன் முந்திய அறையில் காயமில்லாமல் நின்றான்.

"என்னண்ணா, சாகேல்லையோ?"

"போன் ஸ்டக் ஆகிட்டுது."

கிண்ணியாப் பாலத்தில் மறுபடியும் ஸ்டக் ஆனது. பாலம் முடிவதற்குள் இன்னொரு முறை. பூதம் இல்லாத நேரமெல்லாம் அதே போன் வழுக்கிக்கொண்டு ஓடியது.

இறங்கும்போது சொல்கிறார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோல்வியைத் தாங்க ஏலாது."

நான் என் பழங்களிடம் ஒழுங்காகத் தோற்றுவிட்டுப் பின்னால் இறங்கினேன்.

உங்கள் அலுவலகத்து வீரர்களின் போனும் சாகிற நேரம் பார்த்துத்தான் ஸ்டக் ஆகிறதா?