இருநூற்றுப் பதினேழு கார்களும் ஒரு மீசையும்

"நம்ம சீமை ரோட்டுல உருளுற பழைய காரு எதுவா இருந்தாலும் இந்த ரெண்டு கண்ணுக்குத் தப்பாது. ஒண்ணே ஒண்ணு தப்பியிருக்குன்னு எவனாவது காட்டட்டும், மறுநாளே மீசையை எடுத்துட்டு டூட்டிக்கு வாரேன்."

1981ஆம் ஆண்டு சித்திரை மாதம், ராமநாதபுரம் பஸ் நிலையத்து டீக்கடை வாசலில், பெரியபட்டினம் டவுன் பஸ் கண்டக்டர் கூத்தையா இவ்வாறு பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் மூன்று பேர். டீ ஆற்றிக்கொண்டிருந்த பாக்கர் சிரித்தார். அதே பஸ்ஸின் டிரைவர் குருநாதன் பன்னை டீயில் நனைத்தபடி, "மீசை போனா மூஞ்சியில மிச்சம் என்னலே இருக்கும்?" என்று கேட்டார். மூன்றாவது சாட்சி, பன்னுக்காக நின்ற ஓர் ஆடு. அது கருத்து எதுவும் சொல்லவில்லை.

மீசையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கூத்தையா எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அது போகும்; பின்னாலேயே அவர் போவார். டிக்கெட் கிழிக்கும்போது வலது நுனியையும், பயணி நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் இடது நுனியையும் முறுக்குவார். இடது நுனியில் கை போனதும் பெரியபட்டினத்துப் பயணிகள் மடியில் சில்லறை தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட பொருளை ஒருவர் பணயம் வைத்தார் என்றால், அந்த வாக்கை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கூத்தையா கமுதிக்காரர். பருத்தி லாரி, மிளகாய் லாரி, இவை தவிர வேறு வாகன ஜாதி இருப்பதை அறியாமல் வளர்ந்தவர். 1974இல் வேலைக்குச் சேர்வதற்காக மதுரைக்குப் போனபோது, ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றின் குப்பையில் பழைய ஆங்கிலக் காலண்டர் கிடைத்தது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கார். தேதியெல்லாம் காலாவதியாகியிருந்தது, கார்கள் ஆகவில்லை. அன்றைக்குப் பிடித்த பரபரப்பு அதன் பிறகு இறங்கவேயில்லை. ஆஸ்டின் எது, பிளைமவுத் எது என்று எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும் ஆசாமி இல்லை அவர். விளக்கின் வட்டம், மட்கார்டின் வளைவு, சைலன்சரின் இருமல், இவற்றை வைத்தே பெயர் சொல்லிவிடுவார். இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே சந்தேகம்தான்.

1978இல் கமுதியில் அவருக்கும் பூமயிலுக்கும் கல்யாணம். இரண்டாம் முடிச்சு முடிந்து மூன்றாம் முடிச்சுக்குக் கை போகும் நேரத்தில் கடைத்தெருப் பக்கம் ஓர் என்ஜின் செருமியது. மாப்பிள்ளையின் தலை தானாகத் திரும்பியது. "மோரிஸ் மைனர்" என்று உதடு முணுமுணுத்தது. ஏதோ குலதெய்வத்தை வேண்டுகிறார் என்று நினைத்துப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மிச்ச முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போட்டு முடித்தாள்.

"இந்த மனுசன் எனக்குப் போட்டது ரெண்டு முடிச்சுத்தான். மூணாவது அந்த மோரிசுக்கு" என்று பூமயில் இன்றுவரை சொல்லி வருகிறார். மறுக்க கூத்தையாவிடம் ஆதாரம் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் அவர் முழுசாக உட்கார்ந்த நாள் குறைவு. தெருவில் புதிய சத்தம் கேட்டால் குழம்புக் கையோடு வாசலுக்கு ஓடுவார். கை காய்ந்த பிறகு திரும்பி வருவார்.

பஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். இது டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ள ஒப்பந்தம். கூத்தையா அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"யாருலே இறங்கணும்?" என்பார் குருநாதன், நடுக்காட்டில் பிரேக் போட்டுவிட்டு.

"யாரும் இறங்கல. எதுத்தாப்புல ஹில்மன் போச்சு. நம்பர் குறிக்கணும், ஒரு நிமிசம் பொறு."

"யோவ் கண்டக்டரு, ஆசுபத்திரிக்குப் போறோம்யா!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

"ஆசுபத்திரி அங்கனயேதான் இருக்கும். இந்தக் காரு திரும்ப வருமா?"

டிரிப் முடிந்ததும் டிக்கெட் விவரம் எழுதிக் கொடுக்கும் இன்வாய்ஸ் தாள் இருக்கிறதே, பழைய தாள்களின் முதுகில் அவர் கார்களைக் குறித்து, பிறகு வீட்டில் ஒரு நீள நோட்டில் ஏற்றுவார். எந்தக் கார், எந்த நம்பர், எந்த இடம், என்ன நிறம். காரணமின்றி பஸ்ஸை நிறுத்தியதற்காக அவருக்கு மெமோ வந்தது. "பயணி இறங்க விரும்புவதாகத் தோன்றியது" என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். இதே தோற்றம் ஒரே வருடத்தில் பதினொரு முறை ஏற்பட்டது.

அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் தீவுக்கு ரோடு கிடையாது. காரில் வருகிற யாத்திரைக்காரர்கள் மண்டபத்தில் காரைத் திறந்த ரயில் வேகனில் ஏற்றிக் கட்டி, பாம்பன் பாலத்தைக் கடந்தார்கள். விடுமுறை நாட்களில் கூத்தையா அங்கே போய் நிற்பார். சாமியைப் பார்க்கப் போகிறவர்களைப் பார்க்க வந்த ஒரே பக்தர் அவர்தான். பூமயில் ஒரு முறை அவரோடு போனார். "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி மண்டபத்துல காரைக் காட்டித் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாரு" என்பது அந்த யாத்திரையைப் பற்றி அவர் தரும் முழு வரலாறு. 1988இல் ரோட்டுப் பாலம் திறந்ததும் கூத்தையா எழுதிக் கொடுத்து ராமேஸ்வரம் ரூட்டுக்கு மாறிக்கொண்டார். குருநாதனையும் இழுத்துக்கொண்டார்.

அவருடைய நோட்டுக்கு ஒரு விதி உண்டு. முதல் பக்கத்திலேயே எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்: மாப்பிள்ளை கார், தேர்தல் கார் இரண்டும் கணக்கில் சேராது. காரணம் சாஸ்திரபூர்வமானது. இரண்டும் எப்போதும் வாடகை அம்பாசடர்தான். அலங்காரம்தான் வேறு வேறு. அவற்றைப் பார்த்துக் கண்ணைத் தேய்ப்பது தொழிலுக்கு அவமானம்.

பெரியபட்டினம் ரூட்டில் பதினான்கு வருடம் ஓடியபோது இந்த விதி அவருக்கு நன்றாகவே பயன்பட்டது. அந்த ஊரில் நிக்காஹ் என்றால், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து ஊர்வலமாகப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். டிரைவர் எட்டிப் பார்க்க ஒரு சாண் கண்ணாடியை விட்டுவிட்டு, மற்றபடி சக்கரம் வரை மல்லிகைச் சரம் தொங்கும். பஸ் எதிரே வந்தால் மாட்டிக்கொள்ளும். 1984இல் ஒரு நாள் அந்தப் பூக்குவியல் தெரு நடுவில் நின்றே போய்விட்டது. கூத்தையா இறங்கி, பத்துப் பயணிகளைத் திரட்டி, தானும் தோள் கொடுத்துத் தள்ளினார். "இருபது நிமிடத் தாமதம். மாப்பிள்ளை கார் தடை" என்று அன்றைய விளக்கத்தில் எழுதினார். மெமோவுக்கு அவர் எழுதிய விளக்கங்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

அடுத்த வருடம்தான் நிம்மதி போயிற்று. ராமநாதபுரத்து வயதான மெக்கானிக் மதார், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரைலி இல்லையே?" என்றார்.

"எந்த ரைலி?"

"கொழும்பு வியாபாரி ஒருத்தரு அம்பத்து மூணுல தூத்துக்குடியில இறக்குன வண்டி. மூக்குல நீல டைமன் மார்க்கு வச்சிருக்கும், கூரைக்குத் துணி போத்தியிருக்கும். எங்க வாப்பா அதுக்கு பிரேக் பாத்திருக்காக. இந்தக் கடக்கரை ஊரு ஏதோ ஒண்ணுலதான் கெடக்கும்."

கூத்தையாவின் இரு கைகளும் இரு மீசை நுனிகளுக்கும் ஒரே சமயத்தில் போயின. இது முன்னெப்போதும் நடக்காதது.

அதன் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. தொண்டிக்குப் போனார். தேவிபட்டினத்துக்குப் போனார். கீழக்கரையில் வீடு வீடாக ஷெட்டுக் கதவைத் தட்டி, இரண்டு பேர் வருமான வரிக்காரர் என்று நினைத்துப் பின்வாசல் வழியாக ஓடும்படி செய்தார். கடலாடி வரை போனார். கடலாடியில் கடல் இல்லை என்று குருநாதன் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பெரியபட்டினத்தில் மட்டும் அவர் விசாரிக்கவில்லை. தினமும் நாலு தடவை போய் வருகிற ஊர். அங்கே தெரியாத பூனைகூட இல்லை. அங்கே போய்த் தேட என்ன இருக்கிறது?

நாலு வருடத்துக்குப் பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். "அப்படி ஒரு காரே இல்லை. இருந்தா நான் பாத்திருப்பேன்." நீதிமன்றங்கள்கூட இவ்வளவு சிக்கனமாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனாலும் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் அவர் படியில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். இருபது வருடம் பார்த்தார்.

2009 ஜூன் முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெற வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து பழைய கார்க்காரர்கள் சங்கம் ஒன்று இருபத்திரண்டு கார்களோடு ராமேஸ்வரத்துக்கு ஊர்வலம் வந்தது. கூத்தையா இஸ்திரி போட்ட சட்டையோடு பாலத்து முகப்பில் நின்றுகொண்டார். வண்டி வளைவில் மூக்கை நீட்டும் முன்பே பெயரைச் சொன்னார். ஸ்டூடிபேக்கர். ஆஸ்டின். வாக்ஸால். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கை தட்டியது. ரேடியேட்டர் கொதித்து நின்ற ஒரு டாட்ஜை அவர் சத்தத்தை வைத்தே இன்ன வருடம் என்று சொல்ல, வெள்ளைத் தொப்பி போட்ட அதன் சொந்தக்காரர் இறங்கி வந்து கைகொடுத்தார்.

"இந்தப் பக்கம் ஒரு ரைலி இருக்குன்னு சொல்வாங்களே?"

"கதை சார்" என்றார் கூத்தையா, நாலு பேருக்குக் கேட்கும்படி. "முப்பத்தஞ்சு வருசமா இந்த ரோட்டுல நிக்கிறேன். நோட்டுல இருநூத்திப் பதினேழு வண்டி இருக்கு. அது இல்லை. எங்கிட்ட இல்லைன்னா சீமையிலேயே இல்லை."

கூட்டத்தில் நின்ற குல்சும் டீச்சர் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். பெரியபட்டினத்து மீரா சாகிபுவின் மகள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து கூத்தையாவின் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவர். இப்போது மண்டபம் பள்ளியில் வேலை. மறுநாள் காலை உச்சிப்புளியில் ஏறி, சில்லறையைக் கையில் வைக்கும்போது, பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"அண்ணே, அந்த ரைலி எங்க வாப்பா வண்டி."

கூத்தையா டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார்.

"எங்க வாப்பாவுக்கு வாப்பா கொழும்புல இருந்து கொண்டாந்தது. எழுவத்தாறுல ஹமீது சுல்தான் மாமா நிக்காஹுக்கு அதுல போனாக. மறு வாரமே துபாய் விசா வந்துருச்சு. அதுல இருந்து எங்க ஊர்ல எந்த மாப்பிள்ளையும் வேற வண்டியில ஏற மாட்டான். மத்த நாள் எல்லாம் வள்ளத்துக் கொட்டாயில கெடக்கும்."

"நான் அங்கன பதினாலு வருசம்..."

"தெரியும்ணே. எங்க காக்கா, அதான் எங்க அண்ணன், நிக்காஹுக்கு வண்டி நின்னுபோச்சு. நீங்கதான் 'ஏய் பூச்சட்டி, ஓரம் போ'ன்னு கத்திட்டு, அப்புறமா இறங்கித் தள்ளிவிட்டீக." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆகப்போறீக. ஒரு தடவை வந்து பாத்துட்டாவது போங்க."

அன்று மாலை ஐந்து மணிக்கு கூத்தையா பெரியபட்டினத்தில் இருந்தார். கடற்கரைக் கொட்டகையில், இரண்டு வள்ளங்களுக்கு நடுவே, வலைக்குவியலை விலக்கினார்கள். சுறா எண்ணெய் நாற்றம் மூக்கில் அறைந்தது. வள்ளத்துக்குத் தடவும் எண்ணெயையே, உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, மீரா சாகிபு குடும்பத்தார் மூன்று தலைமுறையாகக் காருக்கும் தடவி வந்தார்கள். அதனால் அந்தக் கார் ஒரு பெரிய மீனைப்போலப் பளபளத்தது. மூக்கில் நீல டைமன். துணிக் கூரை. முன் கம்பிகளின் இடுக்கில் காய்ந்த நார் சிக்கியிருந்தது. போன மாதத்துக் கல்யாணத்துப் பூ.

இடுப்பு பிசகிப் படுக்கையிலிருந்த மீரா சாகிபு பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து, "ஏறி உக்காருங்க தம்பி, விசா வரும்!" என்று குரல் கொடுத்தார்.

கூத்தையா ஏறவில்லை. பின்பக்கம் போனார். எந்த இடத்தில் தோள் கொடுத்தாரோ அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கால் ஆடவில்லை, கண் அலையவில்லை. ரோட்டில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அது என்ன வண்டி என்பது இந்த வரலாற்றுக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

நோட்டு கையில்தான் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. கடைசி டூட்டி. டிப்போவில் மாலையும் போட்டோக்காரரும் தயாராக இருந்தார்கள். கூத்தையா வந்து சேர்ந்தபோது காவலாளி, "யாரு வேணும்?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருடமாக வெயில் படாத ஓரிடம் மூக்குக்குக் கீழே பச்சைப் பிள்ளையின் தோலைப்போல வெளுத்துக் கிடந்தது.

"என்னண்ணே, மீசை எங்க?"

"சும்மாதான். வெக்கை."

போட்டோவில் மாலை போட்டு நிற்பவர் யார் என்று இன்றும் டிப்போவில் சர்ச்சை உண்டு.

குருநாதன் ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, என்ஜினைப் போட்டு, மேலே இருந்த கண்ணாடியில் பின்படியைப் பார்த்தார். ஆடு எப்போதோ போயிருக்கும். பாக்கரின் கடையும் இடிந்துவிட்டது. 1981இன் மீசைச் சபதத்துக்கான சாட்சிகளில் அந்த பஸ் நிலையத்தில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"எந்த வண்டிலே?" என்றார் மெதுவாக.

கூத்தையாவின் கை மேலுதட்டுக்குப் போய், அங்கே பிடிக்க ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கி, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்தது. இரண்டு தடவை ஊதினார்.